வெளுத்துப்போன ஹூஸ்டன்

ஹூஸ்டன் நகரம் மொத்தமும் வெளுத்துப்போயிருந்தது.

நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் வெளுப்புதான். அதற்குக் கீழே நியூயார்க்கும் அப்படியே. அதற்கும் கீழே பிட்ஸ்பர்க். அது எப்படியும் வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் அதில் மட்டும் கவலை இல்லை.

சிவகாசியில் சாத்தூர் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு ஆப்செட் அச்சகத்துக்கு அவர் மேனேஜர். மேஜையில் விரித்துக் கிடந்தது அமெரிக்கப் பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டப்போகிற சார்ட். எந்தப் பெருநகரத்தில் எத்தனை இனத்து ஜனங்கள் எந்த அளவுக்குக் கலந்து வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டுவது அதன் வேலை. நகரத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு இருபது முகம், ஒரு முகம் என்றால் நூற்றுக்கு ஐந்து பேர். ஹூஸ்டன் வரிசையில் வெள்ளையர், கறுப்பர், லத்தீன் அமெரிக்க வழியினர், ஆசியர் எல்லாரும் இருக்க வேண்டும். பிட்ஸ்பர்க் வரிசையில் பெரும்பாலும் வெள்ளையர். பிள்ளைகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும்.

இப்போது பார்த்தால், அறுபது பேரும் ஒரே பவுடர் டப்பாவைப் பங்குபோட்டுப் பூசிக்கொண்டு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பி நிற்பது போல இருந்தது.

"ஐஸ்வர்யா!"

கம்ப்யூட்டர் அறையிலிருந்து டிசைனர் ஐஸ்வர்யா வந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கட்சி போஸ்டர் என்று பதினோரு வருஷ அனுபவம்.

"இது என்னம்மா?"

"ஏன் சார்? நல்லா பளிச்சுனுதான வந்திருக்கு."

"அதாம்மா கேக்கேன். ஏன் பளிச்சுனு வந்திருக்கு?"

ஐஸ்வர்யாவுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "முகம்னு வந்தா கலரு ஏத்தணும்ல சார்? ஏத்தாம விட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து சண்டை பிடிப்பாகள்ல?"

"ஹூஸ்டன்ல ஏதும்மா மாப்பிள்ளை வீடு!"

"கை தன்னால போயிருது சார்," என்றாள் அவள். அதில் பொய் இல்லை. இந்த ஊரில் அவள் வெளுக்காத முகம் கிடையாது. மந்திரி முதல் காதுகுத்துக் குழந்தை வரைக்கும் எல்லாரும் அவள் கையால் ஒரு சுற்று வெளுத்தவர்கள்தான்.

"சரி, பழைய படத்தை எடு."

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன் சார்."

"மெயில்ல வந்த லிங்க்?"

"செத்துப்போச்சு."

நவநீதகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காரணம் இருந்தது. பொங்கலோடு காலண்டர் சீசன் முடிந்துவிடும். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போடும்வரை மெஷின் தூங்கும். இந்த வருஷம் பாதிப் பேரை ஆடி வரைக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முதலாளி ராஜபாண்டியன் முடிவே செய்துவிட்டார். "பொறுங்க அண்ணாச்சி, வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு பிடிச்சுக் காட்டுறேன்," என்று தடுத்தவர் நவநீதகிருஷ்ணன்தான். போனை வைத்து மொழிபெயர்த்து மெயிலாக எழுதித் தள்ளி, இந்தச் சார்ட்டைப் பிடித்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு மேடம் வந்து மாதிரியைப் பார்ப்பார். அவர் சரி என்றால் முழு லோடும் இவர்களுக்கு. இல்லையென்றால் பாதிப் பேர் வீட்டுக்கு.

"மொத ஆளா நீரு போவீரு," என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் நிச்சயம் என்று அர்த்தம்.

மேடம் நாளை மறுநாள் வருகிறார். படத்தைத் திரும்ப அனுப்புங்கள் என்று அவரிடமே கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"இதுக்குப் போயி ஏம்ணே கவலைப்படுதீக?" என்றான் மெஷின் ஓட்டும் சிவபாண்டி. "கறுப்பு மையைக் கொஞ்சம் ஏத்தி விட்டா எல்லாம் சரியாப் போகும்."

ஏற்றினான். கொஞ்சம்தான் ஏற்றினான். அறுபது முகங்களும் சாம்பல் பூத்து, ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் ஷிப்ட் முடிந்து தூசியோடு வீடு திரும்புகிறவர்களைப் போல வெளியே வந்தன. பல்லும் சாம்பல். கண்ணின் வெள்ளையும் சாம்பல். பிட்ஸ்பர்க்கும் கெட்டுப்போயிற்று.

"இருந்த ஒரு ஊரையும் கெடுத்துட்டியேலே!"

"கோவப்படாதீகண்ணே. நான் ஒண்ணு சொல்லுதேன். அம்புட்டு நிறமும் நம்ம ஊர்லயே இருக்குல்ல? நம்ம ஆளுகளையே படம் பிடிச்சுப் போட்டுட்டா என்ன?"

நவநீதகிருஷ்ணன் அவனை முறைத்தார். அப்புறம் மெஷின் ஹாலைப் பார்த்தார். கட்டிங் மெஷினில் சோலைச்சாமி, நல்ல கறுப்பு. பேக்கிங்கில் அய்யாதுரை, மாநிறம். பைண்டிங்கில் ரோஜா, பாண்டிமீனா, அருணாதேவி, ஆளுக்கொரு நிறம். பஸ் ஸ்டாண்டு அருகே மோமோ கடை போட்டிருக்கும் அஸ்ஸாம்காரரும் அவர் மனைவியும் ஆசியர்களுக்கு ஆகும்.

"வெள்ளைக்காரனுக்கு எங்கலே போறது?"

"அதை எங்கிட்ட விடுங்க சார்," என்றாள் ஐஸ்வர்யா. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கடைசியில் அவளுக்குத் தெரிந்த வேலை வந்துவிட்டதே!

மறுநாள் காலை கோடவுன் சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஒவ்வொருவராக நிற்க வைத்தார்கள். ஊரே வந்துவிட்டது. விஷயம் பரவி, மல்லாங்கிணற்றிலிருந்து அய்யாதுரையின் சொந்தபந்தங்கள் எல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கின.

"என்னைய நியூயார்க்குல போடுங்க சார்," என்றாள் ரோஜா. "பிட்ஸ்பர்க்குன்னா எங்க வீட்ல யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தாடை கொஞ்சம் பெருசு. சின்ன ஊராப் பாத்து வைங்க," என்றாள் அருணாதேவி. அந்தக் கணக்கு யாருக்கும் புரியவில்லை.

மதியத்துக்குள் மூன்று நகரங்களும் நிரம்பிவிட்டன. எண்ணிக்கையெல்லாம் கச்சிதம். நவநீதகிருஷ்ணனுக்கு ஒரு வாய் டீ இறங்கியது. அந்த நேரம் பார்த்துச் சோலைச்சாமி வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றார்.

"இதுல என் பக்கத்துல நிக்கிறது ஆரு?"

"அய்யாதுரை. ஏன்?"

"அவன் இருக்க ஊர்ல நான் இருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் பங்காளிகள். கோயில் பொங்கலில் யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறில் பேச்சு நின்றது. ஒரே அச்சகத்தில் வேலை பார்க்கிறார்கள், ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

"ஏய்யா, இது மக்கள்தொகைக் கணக்கு! கல்யாணப் பந்தியா, ஆள் பாத்து உக்கார?"

"பந்தின்னாக்கூடப் பரவாயில்ல சார். சாப்பிட்டு எந்திரிச்சிரலாம். இது செவுத்துல ஒட்டுற சமாச்சாரம். எம்புட்டு வருஷம் நான் அவன் பக்கத்துல நிக்கணும்?"

"சரி, உம்மை பிட்ஸ்பர்க்குல போட்டுருதேன்."

"நான் பிட்ஸ்பர்க்கு, எம் பொண்டாட்டி ஹூஸ்டனா? ஊர் என்ன பேசும்?"

பெண்டாட்டியும் பிட்ஸ்பர்க் போனாள். அவளோடு அவள் அண்ணனும். மாமன் போனால் மச்சான் போகாமல் இருப்பானா? இதைப் பார்த்த அய்யாதுரை, "அப்ப நாங்க மட்டும் என்ன, தனியாவா நிப்போம்?" என்று மல்லாங்கிணற்றுச் சொந்தங்களை ஹூஸ்டனுக்கு இழுத்தார். ஐஸ்வர்யா வெளுத்து வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் அவருக்குத் தாய்மாமன் வழி. ஆக மொத்தம் ஹூஸ்டன் ஒரே குடும்பமாகி வெளுத்துவிட்டது. பிட்ஸ்பர்க்கில் உலகத்தில் உள்ள எல்லா இனமும் குடியேறிவிட்டது. நியூயார்க்கில் யாரோடும் சண்டை இல்லாத ரோஜாவும், மோமோ கடைத் தம்பதியும், மிச்சப்பட்டவர்களும்.

"சார், கணக்கு தலைகீழா வருது," என்றாள் ஐஸ்வர்யா.

"தெரியுது. மாத்துனா சோலைச்சாமி போட்டோவைத் திருப்பிக் கேப்பாரு. அவரு போனா அவுக குடும்பமே போகும். பாதி அமெரிக்கா காலியாயிரும். அடி, அப்பிடியே அடி!"

அடித்தார்கள். மை காயும்வரை நவநீதகிருஷ்ணன் சார்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐம்பது வயதில், தலை நரைத்த பிறகு, இன்னொரு முதலாளியிடம் போய் வேலை கேட்டு நிற்பதை நினைக்கவே அவமானமாக இருந்தது.

மேடம் வருகிற நாள் காலையில் டிரைவர் ஒச்சப்பன் காரை எடுத்துக்கொண்டு மதுரை ஏர்போர்ட்டுக்குப் போனான். மதியம் திரும்பி வந்தான். பின் சீட்டிலிருந்து, பெரிய தொப்பியும் முதுகு மூட்டையுமாக, வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் இறங்கினார்.

வாசலில் முதலாளியின் தம்பி சரவெடியைப் பற்றவைத்தார். பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவருக்கு விருந்தாளியை வேறு எப்படி வரவேற்கத் தெரியும்? அந்த அம்மாள் காருக்குள் ஏறிக்கொண்டார். புகை அடங்கியபின் இறங்கி, கைதட்டினார்.

"வாங்க மேடம், வாங்க. சாப்பிட்டீகளா?" என்றார் ராஜபாண்டியன்.

மேடம் ஏதோ சொன்னார். நவநீதகிருஷ்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அமெரிக்க இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மெயிலில் எவ்வளவு தெளிவாக எழுதினார்! நடுவில் 'டெம்பிள், டெம்பிள்' என்பது மட்டும் விளங்கியது.

"பக்தியான பொம்பளை," என்று உருகிப்போனார் ராஜபாண்டியன். கூட்டிக்கொண்டு போய், மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த காளியம்மன் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அவர் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். மேடம் கும்பிட்டார். விருதுநகரிலிருந்து வரவழைத்த எண்ணெய் பரோட்டாவைச் சாப்பிட்டார். இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாத்தூர் காரச்சேவை மூட்டையில் கட்டிக்கொண்டார்.

கடைசியில் சார்ட்டை விரித்தார்கள்.

மேடம் குனிந்து ஹூஸ்டனைப் பார்த்தார். நியூயார்க்கைப் பார்த்தார். பிட்ஸ்பர்க்கில் விரல் நின்றது. சோலைச்சாமியின் முகம். மேடம் நிமிர்ந்தார். எதிரே கட்டிங் மெஷினில் அதே சோலைச்சாமி, அதே மீசையோடு நின்றார்.

தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டார் நவநீதகிருஷ்ணன்.

கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தால், மேடம் சோலைச்சாமியின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அய்யாதுரையையும் இழுத்து மறுபக்கம் நிறுத்தினார். பங்காளிகள் இரண்டு பேரும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒரே படத்தில் பல்லைக் காட்டினார்கள்.

"ஓ... ஓகே மேடம்?" என்றார் நவநீதகிருஷ்ணன், சார்ட்டைக் காட்டி.

"ஓகே! ஓகே! வொண்டர்ஃபுல்!"

ராஜபாண்டியன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நவநீதம், நீரு மனுசன்யா! ஒருத்தரும் வீட்டுக்குப் போக வேண்டாம். சிவபாண்டி, முழு லோடையும் ஓட்டுலே!"

மெஷின் கிளம்பியது. ரோஜாவும் பாண்டிமீனாவும் குலவை போட்டார்கள். ஹூஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் ஆயிரம் ஆயிரமாக வந்து விழுந்தன. நவநீதகிருஷ்ணனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. யாருக்காவது உடனே நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒச்சப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே ஒச்சப்பா, நேரத்துக்குக் கூட்டியாந்து எங்க மானத்தைக் காப்பாத்துனடா! அம்புட்டுக் கூட்டத்துல மேடத்தை எப்பிடிலே கண்டுபிடிச்ச?"

ஒச்சப்பன் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "அது லேசுண்ணே, மெயில்ல வந்த மேடம் போட்டோவை ஐஸ்வர்யாக்கா பெருசா அடிச்சுக் குடுத்துச்சுல்ல, கறுப்பா ஒரு அம்மா வந்து 'அது நாந்தான், நாந்தான்'னு நெஞ்சைத் தட்டித் தட்டிக் காமிச்சாக, படத்துல இருக்கவுக வெள்ளையால்ல இருக்காகன்னு அவுகளை அங்கனயே விட்டுட்டு, வேற காருக்குக் காத்துக்கிட்டு நின்ன இந்தம்மாவை ஏத்திக்கிட்டு வந்துட்டேன்!"