யோனாவைப்போல் நான் ஓடவில்லை

மட்டாஞ்சேரி,
17-7-1978

ஆண்டவருக்குள் அன்பான தங்கபுஷ்பம் அக்காவுக்கு, தம்பி வேதமுத்து தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் ஜெபக்கனியும் சுகம். அத்தான் முழங்கால் வலிக்கும் உங்கள் கறவை மாட்டுக்கும் சேர்த்தே ஜெபித்துவருகிறோம்.

அக்கா, உங்கள் தம்பியை நினைத்து நீங்கள் பெருமைப்படும் நாள் வந்துவிட்டது. போன வாரம் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "வேதமுத்து, ஞாயிறு சாயங்காலம் களமசேரியில் வீட்டு ஜெபக்கூட்டம். யோனாவைப் பற்றி நீர் பேசும்" என்றார். யார் வீட்டில் என்று கேட்டால், நம்ம தம்பி அருள்ராஜ் வீட்டிலாம்! அவன் பிள்ளைக்கு எசேக்கியேல் என்று நான் பேர் எடுத்துக் கொடுத்தும், அவன் சுரேஷ் என்று வைத்த நாள்முதல் நாலு வருஷமா நாங்க முகம் பார்ப்பதில்லை, உங்களுக்கே தெரியும். ஆனாலும் கர்த்தர் நினிவேக்குப் போ என்றால் தர்ஷீசுக்குக் கப்பலேறிப் புயலில் மாட்டிக்கொள்ள நான் என்ன யோனாவா? போகிறேன் என்றேன்.

ஞாயிறு மத்தியானம் சரியான மழை. ஜெபக்கனி சேலை மாத்தி வரட்டும்னு நான் முன்னாலேயே போட்டு ஜெட்டிக்குப் போனேன். எறணாகுளம் போட்டில் ஏற வேண்டிய கால், மழையில எப்படியோ வெலிங்டன் தீவு போட்டில் ஏறிடுச்சு. பாதி காயல்ல எஞ்சின் நின்னு போட்டு ஆடுது பாருங்க, ஒரு அம்மச்சி மாதாவைக் கூப்பிடுது, யாரோ கொண்டுவந்த ஆடு என் மடியில ஏறுது. "சேட்டன் எவிடேக்கா?"ன்னார் போட்டுக்காரர். பொய் சொல்ல வாய் வரலை. "களமசேரிக்கு"ன்னேன். "களமசேரிக்கு இந்த போட்டா? அப்போ யோனா நிங்களாணு! அதான் எஞ்சின் நின்னது!" போட்டே சிரிச்சுது. தீவில் இறங்கினதும் யாரும் சொல்லாமல் நானே திரும்பி, அடுத்த போட்டு, அப்புறம் பஸ், நனைஞ்ச கோழியா அருள்ராஜ் வாசல்ல போய் நின்னேன். "அண்ணே, முதல்ல தலையைத் துவட்டு"ன்னு தோள்துண்டை எடுத்து நீட்டினான்.

பிறகு பேசினேன் அக்கா, முக்கால் மணி நேரம்! யோனா பயந்து ஓடலை, நினிவே ஜனங்களைக் கர்த்தர் மன்னிச்சிடுவாரோன்னுதான் ஓடினான். மூணு நாள் மீன் வயித்துல கிடந்தவனைவிட நாலு வருஷம் கோபத்தின் வயித்துல கிடக்கிறவன்தான் பரிதாபம்னு சொன்னதும் ஈரமில்லாத கண் ஒண்ணுகூட இல்லை. போதகர் ஐயாவே எழுந்து நின்று பாராட்டினார். இந்தக் கடிதத்தை அங்கே சபையில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். சமாதானத்தின் தேவன் உங்கள் வாசற்படியைக் காப்பாராக.

இப்படிக்கு,
தம்பி வேதமுத்து

பி.கு.: மைனி, நான் ஜெபக்கனி. தபாலில் போடச் சொல்லித் தந்தார், ஒட்டுமுன் படித்துவிட்டேன். தீவுச் சாயாக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தவரை, ஜெட்டியில் விசாரித்து அடுத்த போட்டில் போய்க் கையைப் பிடித்து இழுத்துப்போனது நான். தம்பி துண்டை நீட்டியதும் தம்பி தோளிலேயே சாய்ந்து அழ ஆரம்பித்த இவர், கூட்டம் முடியும்வரை நிறுத்தவில்லை. வந்தவர்கள் காத்திருந்தார்களே என்று எழுந்து யோனாவைப் பற்றிப் பேசியதும் நான்தான். அடுத்த மாதம் தேவராவில் ரூத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் ஜனங்கள் உட்காரப் பாய் சுமந்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.