டிரெய்லர் மலையில் திரும்புமாங்க?

சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அளவெடுக்கத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வால்பாறையில் ஒரு எஸ்டேட் குடியிருப்பின் ஓடைப் பாலத்தை முந்தைய மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. அடுத்த மழைக்குள் புதுப் பாலம் எழும்பாவிட்டால் அங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. பொறுப்பை எங்கள் காண்ட்ராக்டர் என்னிடம் கொடுத்தார். (வேறு யாருக்கும் மலையேற மனசில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

அஸ்திவாரம் தோண்ட இயந்திரம் வேண்டுமே. அவிநாசியில் வாடகைக்கு விடுகிறவருக்குப் போன் போட்டு, இருப்பதிலேயே பெரிய பொக்லைனைக் கேட்டேன். பெரிதாக இருந்தால் சீக்கிரம் முடியுமாம், என் புத்தி அப்படி. ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"ஏனுங்க, டிரெய்லர்ல ஏத்தி அனுப்பினா வண்டி மலையில திரும்புமாங்க?"

"என்னங்க அம்மணி இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நம்ம வண்டி எங்க போனாலும் திரும்பிருமுங்க."

நான் கேட்டது கொண்டை ஊசி வளைவில் திரும்புவதை. அவர் சொன்னது, பத்திரமாக அவிநாசிக்குத் திரும்புவதை. (தமிழைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வளைவை அளந்திருக்கலாம்.)

நானும் ஏறிக்கொண்ட டிரெய்லர் முதல் வளைவை எப்படியோ உரசிக் கடந்தது. இரண்டாவதில் அதன் மூக்கு தடுப்புச் சுவரில், வால் பாறையில். வால்பாறை என்ற பெயருக்கு எனக்கு அன்றுதான் அர்த்தம் விளங்கியது. மேலே ஒரு பஸ், கீழே ஒரு பஸ், நடுவில் நான்.

கீழே நின்ற பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்தார். "இத்தாச்சோட்டுப் பெரிய வண்டிய மேல கொண்டாரச் சொன்னது யாருங்க?"

"நான்தாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மொதல்ல தண்ணி குடிங்க அம்மணி" என்று பாட்டிலை நீட்டினார். அழுதுவிட்டேன்.

இரண்டு பஸ்ஸின் பயணிகளும் இறங்கி, "வரட்டும் வரட்டும்", "ஸ்டியரிங்க ஒடிங்க", "நில்லுங்க" என்று ஆளுக்கொரு திசை சொன்னார்கள். மூன்று மணி நேரம் கழித்து டிரெய்லர் பின்பக்கமாகவே அடிவாரம் வரை இறங்கியது. அவிநாசிக்காரர் வாக்குத் தவறவில்லை, வண்டி திரும்பிவிட்டது. பாலம்தான் போச்சு என்று சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் எஸ்தர் அக்கா இருந்தார். அதே எஸ்டேட்டில் தேயிலை பறிப்பவர்.

"சின்ன ஓடைக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய மிசினு? எங்க எஸ்டேட்டுலயே குட்டி ஜேசிபி சும்மா நிக்குது. வாங்க, மேனேஜர்கிட்ட நான் கேக்கறேன்."

கேட்டார். மறுநாளே தோண்ட ஆரம்பித்தோம். மழைக்கு ஒரு வாரம் முன்பு பாலம் முடிந்தது. முதல் நாள் பிள்ளைகள் அதன்மேல் ஓடியபோது எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. (கணவர் இதைப் படிக்கமாட்டார்.)

வருடங்கள் ஓடின. போன கோடையில் குடும்பத்தோடு பஸ்ஸில் வால்பாறைக்குப் போனோம். இரண்டாவது வளைவில் கண்டக்டர் யாரிடமோ, "இங்கதானுங்க ஒரு அம்மணி ரெண்டு பஸ்ஸ மூணு மணி நேரம் நிறுத்திப்போட்டாங்க" என்றார். கம்பியைப் பிடித்து நின்றிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மகளோ, "அது எங்கம்மாதாங்க" என்று அறிவித்துவிட்டாள்.

பஸ்ஸே சிரித்தது. கல்லூரிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சட்டென்று எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். "நீங்க கட்டுன பாலத்து மேல நடந்துதாங்க நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன்."

பாலத்தையெல்லாம் வீட்டில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நான் சேலை கட்டக் கொஞ்சம் நேரமானால் போதும், கதவுக்கு வெளியே மகள் குரல் கொடுக்கிறாள்:

"ரெண்டு பஸ்ஸு நிக்குதும்மா."