லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரவும்

ஒரு காட்டில் யாருக்குமே உடம்பு சரியில்லை. யானைக்கு மூட்டு வலி. குரங்குக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. மான், முயல் வகையறாவுக்குக் காலையில் கண் விழித்ததிலிருந்து படபடப்பு. எதனால் என்று கேட்டால் எல்லாம் ஒரே குரலில் "சிறுத்தையால" என்று சொல்லும். இதெல்லாம் ஒரு நோயா என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் குத்தாலிங்கம் நோய்தான் என்று சொல்லிவிட்டார், படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

குத்தாலிங்கம் ஒரு முள்ளம்பன்றி. டாக்டர் என்பதால் மரியாதையாகவே சொல்லிவருகிறேன். ஏரிக்குக் குளிர்காலத்தில் வலசை வந்த வரித்தலை வாத்து ஒன்றிடம் அவர் அக்குபங்சர் படித்தார். தான் சீனாவிலிருந்து வருவதாக வாத்து சொன்னது, யாரும் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. மூன்று மாதம் பாடம் ஒழுங்காக நடந்தது. நான்காம் மாதம் வெயில் ஏறவும், வாத்து அவசர அவசரமாகச் சான்றிதழைக் கையில் திணித்துவிட்டுப் பறந்துவிட்டது. அதனால் ஊசியை எங்கே குத்துவது என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. எப்போது எடுப்பது என்ற பாடம் மட்டும் பாக்கி.

அவர் கவலைப்படவில்லை. முதுகில் முள்ளுக்குப் பஞ்சமா? பிடுங்கினார், குத்தினார், அனுப்பிவைத்தார்.

முதலில் வந்தது ஒரு புள்ளிமான். படபடப்புக்கு முதுகில் எட்டு ஊசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில், வீரபத்திரன் என்ற சிறுத்தை அதன் மேல் பாய்ந்தது. பாதி வழியில், அந்தரத்தில் இருக்கும்போதுதான் அது ஊசிகளைப் பார்த்தது. வீரபத்திரனுக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அலறிக்கொண்டு உடம்பை முறுக்கித் திருப்பிப் பாறையில் போய் விழுந்தது. அன்றைக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பியதுதான், அப்படியே நின்றுவிட்டது.

மானுக்கோ படபடப்பு போன இடம் தெரியவில்லை. "சக்தி ஓட்டம் சீராயிடுச்சு" என்றார் டாக்டர். மறுநாள் கிளினிக் வாசலில் மான்களும் முயல்களும் ஏரிக்கரை வரை வரிசையில் நின்றன. காட்டுப்பன்றி மட்டும் ஊசி வேண்டாமென்று முதுகில் மூங்கில் குவளைகளைக் கவிழ்த்து வைக்கிற வைத்தியம் செய்துகொண்டது. வட்ட வட்டமாகத் தழும்பு விழுந்ததில் புள்ளிமான்கள் அதைச் சொந்தக்காரன் என்று நினைத்து வீடு தேடிப்போய்க் கல்யாணப் பத்திரிகை வைத்தன. ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாரும் ஊசியைத் திருப்பித் தரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் டாக்டர், நல்லா இருக்கு" என்றார்கள். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பது நாளாயிற்று. இடப்பக்கம் மட்டுமே பார்க்க முடிந்த வீரபத்திரன், வேட்டைக்குக் கிளம்பினால் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. எலும்பு தெரிய ஆரம்பித்தது. செத்துப்போவதற்கு ஊசியே மேல் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அதுவும் கிளினிக்குக்கு வந்தது.

வரவேற்பில் ஜெசிந்தா என்ற மைனா உட்கார்ந்திருந்தது. "புது பேஷண்டா? இந்தாங்க ஃபாரம். டோக்கன் பதினாலு."

உள்ளே நுழைகிறவர்களுக்கு வலப்பக்கச் சுவரில் ஒரு போர்டு தொங்கியது. 'புதிய நோயாளிகள் கவனத்திற்கு. நாக்கைச் சுரண்டிவிட்டு வரக்கூடாது, அதன் நிறம் பார்க்கப்படும். வெறும் வயிற்றில் வரக்கூடாது, லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரவும். தளர்வான உடை அணிந்து வரவும்.' இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ஆமை அழுதுகொண்டே திரும்பிப் போயிற்று. வீரபத்திரன் எதையும் படிக்கவில்லை. கழுத்து இடப்பக்கம் இருக்கிறது, போர்டு வலப்பக்கம் இருக்கிறது.

ஃபாரத்தைக் குனிந்து பார்க்கவும் முடியவில்லை. பக்கத்தில் டோக்கன் பதின்மூன்று, பூங்காவனம் என்ற முயல். முதுகில் ஏழு ஊசி ஏற்கெனவே இருந்தது. சிறுத்தை கவ்வுகிற கழுத்துக்கு மட்டும் இன்னொன்று போட்டுக்கொள்ள வந்திருந்தது.

"குடுங்கண்ணே, நான் எழுதறேன்" என்றது பூங்காவனம். ஊசி போட்ட தைரியம். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"ஒம்போது நாள் ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்டீங்க?"

"அது வேண்டாம்மா, விட்டுரு."

"கோடு காலியா இருந்தா ஜெசிந்தாக்கா திருப்பி அனுப்பிரும்ணே."

"முயல்."

பூங்காவனம் பேனாவைக் கீழே வைத்தது. "எங்க சித்தப்பா புல்லு மேயப் போனவரு, ஒம்போது நாளா வீடு வரல."

"ஆளு கொஞ்சம் நார் நாரா இருப்பாரா?"

"ஆமா."

"அவருதாம்மா" என்றது வீரபத்திரன், நிஜமான வருத்தத்தோடு.

பூங்காவனம் பேனாவை மறுபடி எடுத்தது. பிறகு 'மாமிசம், சிறிதளவு' என்று எழுதியது.

"ஊசி வலிக்குமாம்மா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"எனக்கு எறும்புன்னாலும் பயம்."

கழுத்து திரும்பாவிட்டால் வீரபத்திரன் செத்துவிடும். திரும்பினால் ஊசி இல்லாத ஏதோ ஒன்று செத்துவிடும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் ஃபாரம் நிரப்பி டோக்கன் வாங்கிய ஒருவரை என்ன சொல்லித் துரத்துவது?

பூங்காவனம் உள்ளே போய்க் கழுத்தில் ஒரு ஊசியோடு வெளியே வந்தது. டாக்டரிடம் இருந்த கடைசி முள் அதுதான். வீரபத்திரன் உள்ளே போனபோது அவர் அவித்து உரித்த பனங்கிழங்கு மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஊசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"முதல் நாள் ஊசி கிடையாது. நாடியும் நாக்கும் மட்டும் பார்ப்போம்" என்றார்.

வீரபத்திரனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. டாக்டர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கினார்.

"வயித்துல ஒண்ணுமே ஓடலையே. வெறும் வயித்துல வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கமே, படிக்கலையா?"

"போர்டு அந்தப் பக்கம் இருக்கு டாக்டர்."

"பட்டினியோட ஊசி போட்டா மயக்கம் வரும். முதல்ல லேசா ஏதாச்சும் சாப்பிடுங்க."

"வெளிய எல்லாத்துக்கும் ஊசி இருக்கே டாக்டர்."

"அது உங்க பாடு. கிடைக்கறதைச் சாப்பிடுங்க, ஆனா லேட் பண்ணாதீங்க. இப்ப நாக்கை நீட்டுங்க." நீட்டியது. "நுனி செவப்பு. பின்பக்கம் பார்க்கணும், ஆ காட்டுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்." டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். "வெள்ளையா படிஞ்சிருக்கு" என்றார்.

அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். வீரபத்திரனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆயிரத்தில் ஒரு நோயாளிதான் டாக்டர் சொன்னதை அப்படியே கேட்கும். கிடைப்பதைச் சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டது. லேட் பண்ண வேண்டாம் என்றார், பண்ணவில்லை. லேசாக இருக்க வேண்டும் என்றார். முள்ளெல்லாம் போன பிறகு அவரும் முன்பைவிட லேசாகத்தான் இருந்தார்.

பெரிய வாய். விழுங்கும்போது கழுத்தில் 'மளுக்' என்று ஒரு சத்தம். தலை நேராக வந்து நின்றது. வீரபத்திரன் வலப்பக்கம் பார்த்தது, இடப்பக்கம் பார்த்தது, மறுபடி வலப்பக்கம் பார்த்தது, சந்தோஷத்தில் அழுதது.

வெளியே வந்து முதல் வேலையாகப் போர்டை ஒரு வரி விடாமல் படித்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டது ஜெசிந்தா.

"லேசா சாப்பிடச் சொன்னாரும்மா."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மறுபடி எப்ப வரச் சொன்னாரு?"

"அதைச் சொல்ல அவருக்கு நேரம் இல்லம்மா."

ஜெசிந்தா கருத்துப் புத்தகத்தை நீட்டியது. 'ஒரே தடவையில் பூரண குணம். ஊசி போடவே இல்லை. நோயாளிக்காகத் தன்னையே கொடுக்கிற இப்படி ஒரு டாக்டரை நான் பார்த்ததில்லை' என்று எழுதி, கால் பதித்துக் கொடுத்தது வீரபத்திரன்.

பூங்காவனம் இன்னும் கிளம்பவில்லை. புது ஊசி உறுத்தியதால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. சொறிந்த சொறியில் ஊசி கழன்று தரையில் விழுந்தது.

வீரபத்திரனின் தலை மெதுவாக, வலியே இல்லாமல், வலப்பக்கம் திரும்பியது.

"ஜெசிந்தாக்கா, அவசரமா ஒரு டோக்கன்" என்றது பூங்காவனம். பழைய படபடப்பு முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

"தர்றேன். டாக்டர் கூப்பிடற வரைக்கும் உட்காரு."

"உட்காரும்மா" என்றபடி வீரபத்திரனும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. "எனக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல. இப்பதான் லேசா சாப்பிட்டிருக்கேன்."

நீதி: முதல் தடவையாக வைத்தியரைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டாயம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த விதி நோயாளியின் நன்மைக்காக எழுதப்பட்டதல்ல.