மாடிப்படி விளக்கின் சாட்சி

மாடி விளக்கை அணைக்காமல் மறப்பது யார் என்று நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று டைம்கீப்பர் சபதம் போட்ட அன்று, அவர் மனைவியின் இடது கை மாவுக்கட்டில் இருந்தது.

அந்தக் கையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனசு ஆறாது. போன மாதம் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனவர், நேரே ஒரு லாரியின் முதுகில் மோதினார். "லாரி திடீர்னு வந்துடுச்சு" என்றார். அந்த லாரி மூன்று நாளாக அதே இடத்தில் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பு.

கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது என்று சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. ஆனால் அவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். ரிட்டையர் ஆன பிறகும் தெருவில் அதுதான் பேர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கண்ணைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பயமெல்லாம் ஞாபகத்தைப் பற்றித்தான். அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில், சோறு போட வந்த சொந்த மனைவியையே, "யாரும்மா நீங்க? வீட்ல பொம்பளைங்க இல்லாத நேரத்துல வந்திருக்கீங்களே" என்று கேட்டவர். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர்.

இது தெரிந்துதான் அவள் அன்று வாயை விட்டாளோ என்னவோ.

"பகலெல்லாம் மாடிப்படி விளக்கு எரியுது. நீங்கதான் விட்டுடறீங்க."

"நானா? மாடியிலயே தையல் மெஷினோட குடித்தனம் நடத்தறவ நீ."

"கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன். ஞாபகமும் போச்சா?"

சுருக்கென்று தைத்தது. துள்ளி எழுந்தார்.

"பந்தயம்! இனிமே நீ கீழ இறங்கி வந்த பிறகு விளக்கை அணைக்கறது என் பொறுப்பு. ஒரு நாள் நான் மறந்தேன்னு ஆகட்டும், வண்டிச் சாவியை உன் கையிலயே குடுத்துடறேன்."

"எந்தக் கையில? நல்ல கையிலயா, நீங்க உடைச்ச கையிலயா?"

அந்த விளக்குக்கு மாடியில் ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரிவது அணையும், அணைந்தது எரியும். விளக்கு இருப்பதோ படிக்கட்டு வளைவுக்கு அந்தப் பக்கம். கீழே இருந்து பார்த்தால், அவர் கண்ணுக்கு எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான். ஏறிப் பார்க்கலாம் என்றால் முட்டிவலி. அதனால் டைம்கீப்பர் மூளையைக் கசக்கினார். கடைக்குப் போய் மிளகு அளவில் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு வாங்கிவந்தார். மெயினை அணைத்துவிட்டு, கீழ் சுவிட்சைக் கழற்றி, உள்ளே இருந்து மாடிக்குப் போகும் இரண்டு வயருக்கு நடுவில் அதை மாட்டி மூடினார். மெயினைப் போட்டதும் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தியா! இது எரிஞ்சா மேல எரியுதுன்னு அர்த்தம். இது அணைஞ்சா மேலயும் அணைஞ்சாச்சு."

"ஒரு தடவை மேல போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்."

"மேல போகாம இருக்கத்தானேடி இதையே மாட்டியிருக்கேன்!"

இந்தப் பதிலுக்கு எதிர்ப்பேச்சு உண்டா? அவள் மாடி ஏறிப்போனாள்.

முதல் நாள், அவள் சாப்பிட இறங்கி வந்தபின் குட்டி விளக்கைப் பார்த்தார். எரிந்தது. தட்டினார். அணைந்தது. சாயங்காலம் அவள் மேலே போய்க் குரல் கொடுத்தாள்.

"எரியுதுங்க!"

"நான் அணைச்சேனே!"

"அணைச்சீங்களோ, அணைச்சதா நினைச்சீங்களோ!"

மறுநாளும் அதே கதை. அவள்தான் போட்டுவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று குதித்தார். மூன்றாம் நாள், குட்டி விளக்கை அணைத்த கையோடு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வீதம், தானே ஏறிப்போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளோ கீழே கூடத்தில், அவர் கண்ணெதிரே காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், எழுந்திருக்கவே இல்லை.

மேல் சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது. தொட்டுக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கீழே குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இப்போதுதானே அணைத்தேன்? அணைத்தேனா? கீழ் சுவிட்சைத் தட்டினார். குட்டி விளக்கு அணைந்தது. திரும்ப ஏறினார். மேலே விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் நல்ல கையில் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள்.

"அக்காவை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

"எந்த அக்காவை?"

"உங்க அண்ணியைத்தான். அவங்களுக்கு இதுல அனுபவம் இருக்கு."

டைம்கீப்பர் தண்ணீரைக் குடிக்கவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "இந்தா. நீ யாருன்னு எனக்குத் தெரியும்போதே வாங்கிக்கோ" என்றார். அவள் முகம் ஒரு கணம் என்னவோபோல் ஆனது. ஆனால் விரல்கள் மட்டும் சாவியைச் சட்டென்று மூடிக்கொண்டன.

மறுநாள் காலை, நடந்தே அதே கடைக்குப் போனார்.

"அந்தச் சின்ன விளக்கு இன்னும் நாலு குடுப்பா. கேஸ் அடுப்புக்கு ஒண்ணு, குழாய்க்கு ஒண்ணு, வாசக்கதவுக்கு ஒண்ணு."

"குழாய்க்கா சார்?"

"மறந்துடறேன்பா."

"சரி, நாலாவது?"

"என் வீட்டுக்காரிக்கு. நாளைக்கு அவ யாருன்னு தெரியணுமில்ல."

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் கேட்டார். கேட்டபின்தான் சிரித்தார்.

"ரெண்டு வயருக்கு நடுவுலயா சார் மாட்டினீங்க? டூ-வே சுவிட்சுல அப்படி மாட்டினா எல்லாம் தலைகீழ். பெரிய விளக்கு அணைஞ்சிருந்தாதான் சின்னது எரியும். பெரிசு எரிஞ்சா சின்னது அணைஞ்சுடும். இருட்டுல சுவிட்ச் எங்கன்னு தேடறதுக்கு அப்படி மாட்டுவாங்க."

அதாவது மூன்று நாளாக, அணைந்த விளக்கை எல்லாம் தேடித் தேடி எரியவிட்டவர் அவரேதான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

முட்டிவலியா? அது எங்கே போனதோ! ஓட்டமும் நடையுமாக வீடு வந்தவர், ஒரே மூச்சில் மாடி ஏறினார்.

"நான் மறக்கலைடி! வயரிங்தான் தப்பு! என் மண்டை சரியா இருக்கு!"

"தெரியும்" என்றாள், மெஷினை நிறுத்தாமல்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. மேல எரிஞ்சா கீழ செத்துக் கிடக்கு, மேல செத்தா கீழ எரியுது. தினம் பத்து தடவை ஏறி இறங்கறவளுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சும் மூணு நாளா என்னை உயிரோட கொன்னியே! நேத்து ராத்திரி பூரா நம்ம கல்யாணத் தேதியை மனப்பாடம் பண்ணிட்டுக் கிடந்தேன்!"

மெஷின் நின்றது. அவள் மாவுக்கட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது நிக்கற லாரி. நீங்க அடுத்து இடிக்கறது நடந்து போற புள்ளையா இருந்தா? சும்மா கேட்டா சாவியைக் குடுத்திருப்பீங்களா?"

அவர் மாவுக்கட்டைப் பார்த்துத் தலை குனிந்தார். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா! தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் சரி. பந்தயம் செல்லாது. மரியாதையா என் சாவியைக் குடு."

அவள் மெஷின் டிராயரைத் திறந்து பார்த்தாள். துணிகளைப் புரட்டினாள். தலையைச் சொறிந்தாள். பிறகு பச்சைக் குழந்தைபோல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவியா? எங்க வச்சேன்னு மறந்துட்டேங்க."