கப்பல் அடுக்கிய பாடங்கள்

நடந்தவை, வரிசைப்படி:

1. வெள்ளவத்தைப் போர்டிங் வீடு ஒன்றில், எங்கள் நால்வருடைய உயிரியல் பட்டப்படிப்பையும் கப்பல் என்பவள் ஒரே பின்னேரத்தில் திட்டமிட்டு முடித்தாள்.
2. அந்தத் திட்டத்தின் விளைவாக ஒரு சைவ வீட்டின் மொட்டை மாடிக்குச் சுறா வந்தது.
3. சுறாவின் ஈரலைக் காகம் கொண்டுபோனது.
4. அதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது.

கப்பலைப் போல் திட்டமிடக்கூடிய ஒருவர் கொழும்பு மாநகரில் இதுவரை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் மாநகரம் தாங்கியிருக்காது.

அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. விரிவுரையாளர் வரவு எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். கொட்டாஞ்சேனையில் சொந்த வீடு இருந்தும், தம்பிமாரின் சத்தத்தில் படிக்க முடியாது என்று எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எந்தச் சரக்கைக் கப்பலின் எந்த அடுக்கில் ஏற்றுவது என்று பார்ப்பவர். மகள் உலகம் முழுவதையும் அப்படியே பார்த்தாள். சோற்றுப் பார்சலைப் பிரித்தால் பாரமான கறியிலிருந்து தொடங்குவாள். காலி வீதியில் பஸ் வந்தால் எங்களை வரிசைப்படுத்துவாள்.

“கடைசியா இறங்குறவ முதல்ல ஏறணும்.”

“நாலு பேரும் ஒரே பஸ் ஹோல்ட்லதானேடி இறங்குறம்?” என்பாள் தனுஜா.

“பழக்கம் வேணும் மச்சான்.” நாங்கள் எல்லோரும் அவளுக்கு மச்சான்தான்.

முதலாம் வருடத் தொடக்கத்தில் பாடங்களைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். கட்டாயப் பாடங்கள் சில, விருப்பப் பாடங்கள் பல. எதை எந்த வருடம் எடுப்பது என்பது எங்கள் பொறுப்பு. நால்வருக்கும் ஒரே ஆசை இருந்தது. மூன்று வருடத்தோடு வெளியேறாமல், நாலாம் வருடமும் இருந்து சொந்தமாக ஓர் ஆய்வு செய்யும் சிறப்புப் பட்டம். அதையும் நால்வரும் ஒன்றாக முடிப்பது.

நான் அட்டவணை ஒன்று தயாரித்திருந்தேன். கப்பல் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் கட்டிலைக் காலி செய்தாள். இரசாயனவியலுக்கு என் சூட்கேஸை வைத்தாள். தாவரவியலுக்குத் தலையணை. பிறகு எங்களில் நாலாமவளான ரிஸ்னாவைப் பார்த்தாள்.

“உனக்கு எதுல பயம்?”

“தவளைக்கு,” என்றாள் ரிஸ்னா. “வெட்டச் சொன்னா நான் மயங்கிருவன்.”

“அப்ப வெட்டுற பாடம் எல்லாம் ஒரே செமஸ்டர்ல, அடியில. போட்டு மூடிருவம். பாரமானது மேல நிண்டா கப்பல் கவிழும்.”

கட்டிலில் ஒரு குன்று எழுந்தது. கடைசியில் கையில் புள்ளிவிபரவியல் மட்டும் மிஞ்சியது. அதற்கு ஒரு கைவிசிறியை எடுத்து உச்சியில் வைத்தாள்.

“இது காத்து மாதிரி. கடைசி வருசம் பாத்துக்கலாம்.”

என் அட்டவணையை விட அது அழகாக இருந்தது. நாங்கள் நம்பினோம்.

வெட்டும் பாடங்கள் ஒரே செமஸ்டரில் குவிந்ததால் செய்முறைப் பரீட்சைகளும் ஒரே வாரத்தில் குவிந்தன. வீட்டில் பயிற்சி எடுப்போம் என்று கப்பல் விடியற்காலையில் பேலியகொடை மீன் சந்தைக்குப் போனாள். ஒரு சுறாக்குட்டியை, வயிற்றைத் துப்புரவு செய்யாமல் தரச் சொன்ன முதல் வாடிக்கைக்காரி அவள்தானாம்; “குடல்தான் அண்ணே எனக்கு முக்கியம்” என்று அவள் சிங்களத்தில் சொன்னபோது மீன்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாராம்.

படியேறும்போது வீட்டுக்கார அன்ரி எதிரே வந்தார். யாழ்ப்பாணத்தவர், சுத்த சைவம், முட்டை மணத்துக்கே ஊதுபத்தி கொளுத்துபவர்.

“என்ன பிள்ளை துவாயில சுத்திக் கொண்டு வாறீர்?”

“பாடம் அன்ரி.”

“பாடத்துக்கு ஏன் பல்லு இருக்கு?”

சத்தம் கேட்டு இறங்கி வந்த ரிஸ்னா, பரீட்சை என்று சொல்லி அழுதாள். அது வேலை செய்தது. மொட்டை மாடியில் மட்டும், மத்தியானத்துக்குள், என்று அனுமதி கிடைத்தது. பாதி வேலையில் காகம் இறங்கி ஈரலைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போனது. கப்பல் கத்தியோடு மாடி விளிம்புவரை ஓடினாள். பிறகு அன்ரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மாடிக்கு, படிக்கு, எங்களுக்கு. பரீட்சையில் நால்வரும் சித்தியடைந்தோம். ரிஸ்னா மயங்கவில்லை.

இரண்டாம் வருட நடுவில் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க, இரண்டாம் வருட முடிவுக்குள் புள்ளிவிபரவியல் முடித்திருக்க வேண்டும். பாடம் சேர்க்க அன்றுதான் கடைசி நாள்.

கப்பல் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

“பாரத்த மட்டும் பாத்திட்டன்,” என்றாள். “எந்தத் துறையில இறக்கணும் எண்டு பாக்கல்ல. கடைசித் துறையில தேவப்படுற சாமான் முதல்ல ஏறியிருக்கணும்.”

புள்ளிவிபரவியல் விரிவுரையாளரிடம் ஓடினோம். பாடம் நடக்கும் கணினி அறையில் மூன்று இடம்தான் மிச்சம் என்றார். ஒரு கணினியில் இருவர் இருக்கிறோம் என்று கப்பல் வாதாடினாள். ஒருத்தி தரையிலும் இருப்பாள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று என்றார்.

வெளியே வந்து, சீட்டுப் போடுவோம் என்றேன்.

“என்னத்துக்கு?” என்றாள் கப்பல். “பிழையா ஏத்தினது நான். நீங்க போங்க. நான் அடுத்த பட்ச்சோட வாறன்.”

“ஒரு வருசம் போயிருமேடி,” என்றாள் தனுஜா.

“எனக்கு வீட்ட போய் என்ன வேல? தம்பிமார்ட சத்தம்தான் கேக்கணும். போங்கடி, நாலு மணிக்கு மூடிருவாங்க.”

எங்கள் மூவரையும் பதிவு அலுவலகத்துக்குள் தள்ளினாள். அப்போதும் யார் முதலில் போக வேண்டும் என்று ஒரு வரிசை இருந்தது.

இப்போதைய நிலை: நாங்கள் மூவரும் சிறப்புப் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறோம். கப்பல் நாலாம் வருடத்தில், நீர்கொழும்புக் களப்பில் நண்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். கணக்குப் பிழைத்தால் எனக்கு அழைப்பு வரும். பட்டமளிப்பு உடுப்போடு ஸ்டூடியோவில் எடுக்கும் படம் எங்கள் மூன்று வீடுகளிலும் இன்னும் இல்லை. அம்மா முன்னறைச் சுவரில் ஆணி அடித்துவிட்டு, எப்போது, எப்போது என்று கேட்கிறார். நாலு பேராக எடுப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.