வீனஸின் காலுறைத் தடம்

துணியே இல்லாத பெண்ணைப் பார்க்கக் கூசாமல், அவள் சற்றுமுன்வரை துணி உடுத்தியிருந்தாள் என்று தெரிந்தால் மட்டும் கூசிப்போகிற கனவான்கள் என்று ஓர் இனம் உண்டு. பாரிஸில் ஆண்டு ஓவியக் கண்காட்சி நடக்கும் மாதத்தில் இவர்களைக் கும்பல் கும்பலாகப் பார்க்கலாம். படத்தின் கீழே வீனஸ் என்றோ வனதேவதை என்றோ எழுதியிருந்தால் அரைமணி நேரம் நின்று ஆராய்வார்கள். 'குளிக்கும் பெண்' என்று எழுதியிருந்தால், மகள்களைத் திருப்பி நிறுத்திவிட்டு அதையும் ஆராய்வார்கள். கண்டிக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டாமா?

முசியே பார்துலே இவர்களில் முதல் வரிசை. ஓவியப் பேராசிரியர், தேர்வுக் குழுவில் அவர் தலையசைத்தால்தான் படம் சுவரேறும். அவருடைய மாணவன் ஃபிர்மென், இந்த வருஷமும் படம் தேறாவிட்டால் சொந்த ஊரான ருவானில் இருக்கும் பன்றிக்கறிக் கடைக்கே வந்துவிடுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஆகவே ஒரு வீனஸை வரைந்து, கடல், சிப்பி, புறா எல்லாம் குறைவில்லாமல் வைத்து, ஆசிரியரை வரவழைத்தான்.

பார்துலே ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னப்பா இது? முழங்காலுக்கு மேல, செவப்பா ஒரு கோடு?"

"காலுறை நழுவாம இறுக்குற கட்டோட தடம், ஐயா. மாடல் பொண்ணு க்ளோதில்டுக்கு இருந்துச்சு."

"க்ளோதில்டுக்கு இருக்கும். வீனஸுக்கு எப்படிப்பா இருக்கும்? கிரேக்கத்துல காலுறையே கிடையாது! இந்தக் கோடு இருந்தா இவ தேவி இல்ல, துணியக் கழட்டிப் போட்டுட்டு வந்த பொம்பள. என் சம்சாரம் பாக்க வேண்டாமா? அழி!"

திரைக்குப் பின்னால் உடுத்திக்கொண்டிருந்த க்ளோதில்ட் குரல் கொடுத்தாள். "அப்படியே எனக்கும் அழிச்சு விடுங்க, அரிக்குது."

அந்தப் படத்தில் அவன் கண்ணால் கண்டு வரைந்தது அந்த ஒரு கோடுதான். மற்றதெல்லாம் பார்துலே சொல்லிக்கொடுத்தது. மனம் கசந்து அழித்தான். படம் சுவரேறியது.

திறப்பு நாளன்று பார்துலே மனைவியை அழைத்து வந்து படத்தின் முன் நிறுத்தினார். பக்கத்தில் ஃபிர்மென், இரவல் கோட்டில்.

"பாத்தியா, எவ்வளவு தூய்மை! மொதல்ல இங்க காலுறைக் கட்டுத் தடம் இருந்துச்சு. குழுவுல வேற எவனுக்கும் என்னன்னே தெரிஞ்சிருக்காது. எனக்குப் பாத்ததுமே பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

மதாம் பார்துலே விசிறியை மடக்கினாள். "முழங்காலுக்கு மேலயா?"

"மேலதான். அங்கதானே கட்டுவீங்க?"

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் கீழதாங்க கட்டுறேன்."

"அது வந்து... கிரேக்கத்துல..."

"கிரேக்கத்துல காலுறையே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே?"

அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். பார்துலே தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். கோட்டை அழிக்க வைத்த கசப்பு ஃபிர்மெனுக்கு அன்றுதான் தீர்ந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் படத்தில் வீனஸைச் சுற்றி என்னென்ன இருந்தன, சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம். வரவில்லையா? கோடு எங்கே இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறதோ? அப்படியானால் இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம்.