கியூசி அக்கா ரிஜெக்ட் செய்த மாத்திரை

கியூசி அக்கா வாயால் "சரியா இருக்கு" என்று கேட்டவர்கள் ஜொகூர் மாநிலத்தில் ஒருவரும் கிடையாது. அவரோடு ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

செனாய் பக்கம் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் எச்.ஆர். பிரிவில் லீவு, எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சீட்டு, புகார் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பவள். அவர் கியூசி, அதாவது தரப் பரிசோதனை. கூடை கூடையாக வரும் மூடிகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் தள்ளுவதுதான் அவர் வேலை. அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வேலையை வேலையோடு விட்டுவிடுகிறவராக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. கைப்பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். கோயில் அன்னதானத்தில் பாயசத்தை வாயில் வைக்குமுன் ஜவ்வரிசி ஒரே அளவாக இல்லை என்று பண்டாரத்தைக் கூப்பிட்டுக் காட்டியவர். என் கல்யாணத்துக்கு வந்து, மணமேடையில் எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டபோது என் காதோடு சொன்னார்: "மாப்பிள்ளைக்கு இடது தோள் ரெண்டு மில்லி எறக்கம். பாத்துக்க." அன்றிலிருந்து என் கணவரின் இடது தோளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறக்கம்தான்.

வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போய்வரும் ஐந்து நிமிஷத்தில் ஒரு கோளாறான மூடி தப்பிவிடும். எட்டு மணி நேரத்துக்கு அரைக் கிளாஸ் தண்ணீர். இதை ஒரு சாதனையாகவே சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் மட்டும் ஆறு முறை கழிவறைக்கு ஓடினார். லைன் லீடர் பதறிப்போய் என்னிடம் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து நிற்கிறார். கேஸ்திரிக், வெறும் வயிற்றெரிச்சல் என்றார். கேஸ்திரிக் வந்தால் எதற்குக் கழிவறைக்கு ஓட வேண்டும் என்று கேட்டேன். காரில் ஏற்றிக் கூலாயில் எனக்குத் தெரிந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஒரு தமிழ்ப்பெண், பொறுமைசாலி. சிறுநீரைச் சோதித்துவிட்டுக் கிருமித்தொற்று என்றார். இரண்டு மருந்து கொடுத்தார். ஒன்று கிருமியைக் கொல்வதற்கு. இன்னொன்று எரிச்சலும் இழுத்துப் பிடிக்கும் வலியும் அடங்குவதற்கு. நாலைந்து மருந்தை ஒன்றாகச் சேர்த்த நீல மாத்திரை. இது நோயைக் குணமாக்காது, வேதனையைத்தான் குறைக்கும் என்று அழுத்திச் சொன்னார். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும், பயப்பட வேண்டாம். வாய் காயும், கண் மங்கலாம், அதனால் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கேஸ்திரிக் மருந்தை இதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா, கண் அழுத்தம், இதய நோய், மனச்சோர்வு, இப்படி ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அக்கா திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "ஒன்னும் இல்ல டாக்டர்" என்றார்.

அந்தப் பார்வையை நான் கவனித்தேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அரை மணி நேரம் போனது. காலாவதித் தேதியைப் பார்த்தார். ஒவ்வொரு மாத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மாத்திரைக்கு ஓரத்தில் நிறம் கூடுதல் என்று மாற்றிக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். பார்ப்பவர்களுக்கு நான்தான் அவருக்குப் பொறுப்பு.

மறுநாள் காலை பத்து மணி. நான் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாற உட்கார்ந்திருக்கிறேன். அக்கா வந்து பொட்டலத்துக்குப் பக்கத்தில் மூடி போட்ட இரண்டு சின்ன டப்பாக்களை வைத்தார். ஒன்றில் நீலம். இன்னொன்றில் பச்சை. என்ன என்று கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்காமலே சொன்னார். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும் வண்ண அட்டையோடு இரண்டையும் ஒப்பிட்டும் பார்த்துவிட்டாராம்.

"ஏழு மணிக்கு நீலம். ஒம்பது மணிக்குப் பச்சை. ஒரே மாத்திரைதானே சாப்பிட்டேன். எப்படி ரெண்டு கலர் வரும்? பேட்ச்லயே கோளாறு லா."

டாக்டர் இதைத்தானே சொன்னார் என்றேன். நீலமாகவோ பச்சையாகவோ என்றுதான் டாக்டர் சொன்னாராம், இரண்டும் என்று சொல்லவில்லையாம். கையோடு தொழிற்சாலையின் நிராகரிப்புப் படிவத்தையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். சரக்கு அனுப்பியவர்: டாக்டர். குறை: நிறம் சீராக இல்லை. ஏழு நாளில் விளக்கம் தேவை. இதை நான் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டுமாம். நான் போன் செய்து நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் வெகுநேரம் சிரித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்றார். நாசி லெமாக்கை அன்று நான் சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாள் வயிறு எரிகிறது என்று கேஸ்திரிக் மருந்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். டாக்டர் சேர்த்துச் சாப்பிடாதே என்றாரே என்று கத்தினேன். சேர்த்துச் சாப்பிடவில்லை, ஒன்றை முன்னாடியும் ஒன்றைப் பின்னாடியும் சாப்பிட்டேன் என்றார். நடுவில் எவ்வளவு நேரம் விட்டார் என்று கேட்டேன். ஒரு மடக்குத் தண்ணீர் என்றார். அதோடு முடியவில்லை. எரிச்சல் குறைந்துவிட்டதால் கிருமி மருந்தை நிறுத்திவிட்டு, வேலை செய்வது நீல மாத்திரைதான் என்று அதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். வேதனை குறைந்தால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை, கிருமி மருந்தை முழுக்க முடிக்க வேண்டும் என்று நர்ஸ் போனில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் ஒரு முறை, கோபத்தில் ஒரு முறை, கெஞ்சி ஒரு முறை என மூன்று தரம் சொன்னேன். பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்.

நாலாம் நாள் மத்தியானம் லைன் லீடர் என் மேசைக்கு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அக்கா ஒரு முழுக் கூடையைக் கீறலோடு பாஸ் செய்துவிட்டார் என்றார்.

நான் நம்பவில்லை. ஓடினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தியிருந்தார்.

"விளக்கைச் சுத்தி கலர் கலரா வளையம் தெரியுது. விளக்கு கெட்டுப்போச்சு. மாத்தச் சொல்லு" என்றார். சொல்லி முடிக்குமுன் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தார். கையை விலக்கிப் பார்த்தேன். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

காரில் ஏற்றிக்கொண்டே கிளினிக்குக்குப் போன் போட்டேன். விவரத்தைக் கேட்டதும் டாக்டரின் குரல் மாறியது. அந்த மாத்திரையை இனி தொடக் கூடாது, இங்கே வர வேண்டாம், நேராக ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றார். பிறகு கேட்டார்: கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து போடுகிறாரா?

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அது அக்காவுக்கும் கேட்டது. கைப்பையைத் திறந்து அடியில் துழாவி, ஒரு சின்னச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். கண் அழுத்தத்துக்கு. ஒன்றரை வருஷமாகப் போடுகிறாராம். லேசர் செய்யச் சொல்லியும் தள்ளிப்போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட கண் உள்ளவர்கள் தொடவே கூடாத மாத்திரை அது.

"டாக்டர் அவ்வளவு கேட்டாங்களே அக்கா. ஏன் சொல்லல?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியே. நீ எச்.ஆர்." கண்ணிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "கண்ணு சரியில்லன்னு ஃபைல்ல ஏறிட்டா என்னை பேக்கிங்குக்கு மாத்திடுவீங்க. இந்தக் கண்ணை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் பாதி. டாக்டர் அறைக்குள் என்னையும் உட்காரவைத்த என் அக்கறையின்மேல் மீதி. நெடுஞ்சாலையில் பாமாயில் லோரி ஒன்று முன்னால் ஆமையாக ஊர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாரனை விடாமல் அடித்தேன். அப்போதும் பக்கத்திலிருந்து ஒரு குரல், ஹாரன் சத்தம் பிசிறு தட்டுகிறது என்றது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அழுத்தம் இறங்க இரவாகிவிட்டது. மறுநாள் லேசர் செய்தார்கள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் பார்வைக்கு உத்தரவாதம் இருந்திருக்காது என்று கண் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நடைவழியில் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, கண் மை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்றார்.

மேனேஜரிடம் நானே போய்ப் பேசினேன். சிகிச்சை முடிந்து, பழைய வேலையே செய்யலாம் என்று கண் டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதே மேசை, அதே விளக்கு என்று எழுத்தில் வாங்கினேன். அதைப் படித்துக் காட்டியபோது அக்கா நன்றி சொல்லவில்லை. மூன்றாவது வரியில் எழுத்துப்பிழை என்றார்.

லீவில் இருந்த இரண்டு வாரமும் வீட்டிலிருந்தே எங்களை வாட்டி எடுத்தார். தான் சாப்பிடும் மருந்து, போடும் சொட்டு, இருக்கும் நோய் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் படம் எடுத்து லைனில் உள்ள அத்தனை பெண்களுக்கும் அனுப்பினார். எல்லாரும் இப்படி ஒன்று செய்து டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். மணிக்கு ஒரு தரம், தண்ணீர் குடித்தாயா என்று குரல் செய்தி. கழிவறையில் வரிசை நிற்கிறது என்று லைன் லீடர் எனக்குப் புகார் எழுதினார். போதாக்குறைக்கு, டாக்டரைப் பார்க்கப் போகும்போது எச்.ஆர். கூட வந்தால் வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அவர் திரும்பி வந்த திங்கட்கிழமை, தொழிற்சாலை பஸ் வருவதற்குக் கால் மணி முன்னாலேயே நான் வாசலில் போய் நின்றேன். எதற்கு நிற்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பாதித் தொழிற்சாலை எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தது.